பத்துப் பேர் தூங்கும் கூடாரத்துக்கு ஒரு ராத்திரிக்கு எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய்?

எங்க ஊர் மூலனூர். தாராபுரத்திலிருந்து கரூர் போகிற ரோட்டில் வரும். பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்கும் பேர் போன ஊர். மே மாசம் வந்தால் வெயிலுக்கும் பேர் போன ஊர்தான். போன வருஷம் ஒருவழியாக வீட்டில் ஒரு ரூமுக்கு மட்டும் ஏசி போட்டோம். போட்ட வாரமே என் மாமா வந்து தங்கினார். அம்மாவோட தம்பி. ராணுவத்தில் 17 வருஷம் இருந்துவிட்டு ரிட்டயர் ஆனவர்.

காலையில் பார்த்தால் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்கிறது. அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏண்டா, கரண்ட் பில்லு நீயா வந்து கட்டப் போறே?" மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூடின ரூம்ல எனக்குத் தூக்கம் வராதுக்கா."

அன்னைக்கு சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து காரணத்தைக் கேட்டேன். லடாக் பக்கம் ஒரு போஸ்ட்டில் இருந்தபோது நடந்ததாம். ஒரு ராத்திரி பனி கொட்டி, ஹீட்டரோட புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. குளிர் தாங்காமல் காற்று வருகிற ஓட்டையையும் துணி வைத்து அடைத்திருந்தார்கள். நடுராத்திரி ஒருத்தர் தலைவலி தாங்காமல் எழுந்து வெளியே போகப் பார்த்தவர், வாசலிலேயே விழுந்துவிட்டார். அந்தச் சத்தத்தில்தான் மற்றவர்கள் முழித்தார்கள். "அவன் விழலைன்னா நாங்க யாரும் எந்திரிச்சிருக்க மாட்டோம் மாப்ளே. குளிரை விட அந்தப் புகைதான் பயம்" என்றார்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறவன். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பரை அரியர் இல்லாமல் தாண்டியவன். ஆனால் அந்தப் பேப்பரில் வருகிற ஒரு சின்னச் சூத்திரம் ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன். கணக்கு வரும், ஆனால் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

எவ்வளவு குளிர், எவ்வளவு தூரம்?

1984 ஏப்ரல் 13-ல் 'ஆபரேஷன் மேகதூத்' மூலம் இந்திய ராணுவம் சியாச்சினுக்குப் போனது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே நம் வீரர்கள் இருக்கிறார்கள். மிக உயரமான போஸ்ட்டுகளில் ஒன்றான பானா டாப் 21,000 அடிக்கு மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி வரைக்கும் இறங்கும்.

இது ஏதோ வடநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரி 3-ல் சுமார் 19,600 அடியில் இருந்த போஸ்ட் மேல் பனிச்சரிவு விழுந்ததே, ஞாபகம் இருக்கா? அதில் சிக்கிய பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். 2020 ஜூனில் கல்வான் மோதலில் உயிரிழந்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த மோதலுக்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் மட்டும் சுமார் 50,000 வீரர்கள் தங்க வேண்டியிருந்தது என்று செய்திகள் சொல்லின. அத்தனை பேருக்கும் தங்க இடம், அந்த இடத்துக்குச் சூடு வேண்டும்.

அந்தச் சூட்டைப் பல வருஷமாகக் கொடுத்து வருவது 'புகாரி'. இரும்பில் செய்த ஒரு அடுப்பு, மேலே புகைக்குழாய், எரிபொருள் மண்ணெண்ணெய். எளிமையான சாமான், ரிப்பேர் பண்ணவும் சுலபம். ஆனால் மண்ணெண்ணெய் அங்கே விளையாது. லாரியில் லே வரை, அங்கிருந்து மலைப்பாதையில் முகாம் வரை, பிறகு ஹெலிகாப்டரிலோ ஆள் முதுகிலோ போஸ்ட் வரை போகணும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் ஹெலிகாப்டர் தூக்குகிற எடையும் குறைந்துகொண்டே வரும். மேலே போய்ச் சேருகிற ஒவ்வொரு கேனுக்கும் பின்னால் யாரோ ஒருத்தருடைய ரிஸ்க் இருக்கு.

அதனால் கேள்வி இதுதான்: அந்தக் கேன்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா?

கணக்கு ஒன்று: வெறும் கேன்வாஸ்

ஒரு கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். உள்ளே பத்துப் பேர். நாலு சுவரும் கூரையும் சேர்த்தால் 68 சதுர மீட்டர் வரும், 70 என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேணும். வித்தியாசம் 30 டிகிரி.

வெப்பம் எவ்வளவு வெளியே போகும்? மூன்று எண்களைப் பெருக்கினால் போதும்: சுவரின் யு-மதிப்பு, பரப்பளவு, வெப்பநிலை வித்தியாசம். யு-மதிப்பு என்றால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கசிகிறது என்பது. பக்கெட்டில் இருக்கிற ஓட்டையின் சைஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒற்றைக் கேன்வாஸுக்கு அது சுமார் 6.

6 × 70 × 30 = 12,600 வாட். அதாவது 12.6 கிலோவாட். ஹாஸ்டலில் திருட்டுத்தனமாக மேகி செய்கிற 1.5 கிலோவாட் இண்டக்‌ஷன் ஸ்டவ் எட்டை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட விட்டால் வருகிற சூடு இது.

பன்னிரண்டு மணி நேர ராத்திரிக்கு 151 கிலோவாட் மணி. நம்ம பாஷையில் 151 யூனிட். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் கிட்டத்தட்ட 9.7 யூனிட் வெப்பம் இருக்கு. அடுப்பு அதில் 60 சதவீதத்தை உள்ளே கொடுத்து மிச்சத்தைப் புகைக்குழாயில் விடுகிறது என்று வைத்தால் (இது என் அனுமானம்) கையில் கிடைப்பது 5.8 யூனிட். 151-ஐ 5.8-ஆல் வகுத்தால் 26 லிட்டர்.

ஒரு கூடாரம், ஒரு ராத்திரி, 26 லிட்டர். நிஜத்தில் யாரும் இவ்வளவு எரிப்பதில்லை. எரிக்க முடியாததால் உள்ளே 15 டிகிரி வருவதே இல்லை. போட்டிருக்கிற உடுப்போடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நடுங்கிக்கொண்டுதான் தூங்குவார்கள். "உள்ள இருக்கிற தண்ணி கேன் காலைல கல்லு மாதிரி இருக்கும்" என்றார் மாமா.

நம்ம ஊர்க்காரனுக்குத் தெரிந்த ரகசியம்

இந்த இடத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கு. பனியன் கம்பெனியில் த்ரீ த்ரெட் ஃப்ளீஸ் துணி பார்த்திருப்பீங்க. வெளிப்பக்கம் வழவழப்பு, உள்பக்கம் குட்டிக் குட்டி லூப். அந்த லூப்பை ரைசிங் மெஷினில் விட்டுச் சீவினால் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று எழும்பும். துணியின் எடை கூடவில்லை, ஆனால் கதகதப்பு கூடிவிடுகிறது. எப்படி? நூல் கூடவில்லை, நூலுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட காற்றுதான் கூடியிருக்கிறது.

வெப்பத்தைக் கடத்துவதில் காற்று பரம சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.025. கான்கிரீட் அதைவிடப் பல மடங்கு, இரும்பு ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. ஒரே பிரச்சினை, காற்று சும்மா நிற்காது. சூடானால் மேலே போகும், குளிர்ந்தால் கீழே வரும், போகும்போது வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அதை ஓட விடாமல் சின்னச் சின்ன அறையில் அடைத்துவிட்டால் முடிந்தது வேலை. மூலனூர் விற்பனைக்கூடத்தில் பருத்தி மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்தில் கை சூடாகும். ஃப்ளீஸ், கம்பளி, தெர்மோகோல், ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் பியூ ஃபோம் எல்லாமே நகர விடாமல் வாயுவை அடைத்து வைக்கிற வித்தைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை: நம்ம பருத்தி மலைக்கு ஆகாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், தண்ணீர் காற்றை விட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் அங்கே ஆளையே சாய்த்துவிடும். அதனால்தான் மலை ஏறுகிறவர்கள் உடம்பை ஒட்டிப் போடுகிற முதல் உடுப்புக்குக் கம்பளியும் பாலியஸ்டரும் தேடுகிறார்கள்.

கணக்கு இரண்டு: பத்து ஆள், பத்து ஹீட்டர்

இப்போ அதே கூடாரத்துக்கு 50 மில்லிமீட்டர் பியூ ஃபோம் பேனல் போடுவோம். யு-மதிப்பு 6-லிருந்து ஏறக்குறைய 0.5-க்கு விழும். பழைய பெருக்கல்தான்: 0.5 × 70 × 30 = 1,050 வாட்.

12,600 எங்கே, 1,050 எங்கே!

இன்னொரு விஷயம் பாருங்க. தூங்குகிற மனுஷன் சுமார் 80 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறான். பத்துப் பேர் என்றால் 800 வாட். கிட்டத்தட்ட சுவர் வழியாகப் போகிற வெப்பம் முழுவதையும் உள்ளே தூங்குகிறவர்களே ஈடுகட்டிவிடுகிறார்கள்! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திருப்பிப் போட்டேன். தப்பு இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன், மூச்சை.

மூச்சுக்கு ஒரு விலை

பத்துப் பேர் மூடிய இடத்தில் தூங்கினால் வெளிக்காற்று வந்தே ஆகணும். ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 50 லிட்டர். மைனஸ் 15-ல் உள்ளே வருகிற காற்றை 15 டிகிரிக்குச் சூடாக்கணும். லே நகரின் உயரமான 3,500 மீட்டரில் காற்று மெலிசு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 1,340 வாட் வருகிறது. சுவர் வழியாகப் போவதை விட அதிகம்! இன்சுலேஷன் போட்ட பிறகு, கூடாரத்தின் பெரிய செலவு சுவர் இல்லை, மூச்சுதான்.

மாமா கதையில் நடந்தது இப்போ புரியும். குளிரில் இருக்கிறவன் முதலில் என்ன செய்வான்? காற்று வருகிற ஓட்டையை அடைப்பான். அப்படி அடைத்தால் சூடு நிற்பது உண்மைதான். ஆனால் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய மண்ணெண்ணெய் முழுசாக எரியாது, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஏற்கனவே பாதி ஆக்சிஜனில் ஓடுகிற உடம்பு அது. தலைவலி வரும், தூக்கம் சொக்கும், அவ்வளவுதான்.

(ஏசி ரூமில் எதுவும் எரியவில்லை, அதனால் அங்கே இந்த ஆபத்து இல்லை. அம்மாவிடம் நான் சொன்னதும் அதுதான். ஆனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிட்டாலோ, மூடிய ரூமில் கரி அடுப்பு வைத்தாலோ, மூலனூரிலும் இதே கதைதான். ஊட்டி, கொடைக்கானல் டூர் போகிறபோது கேம்ப் ஃபயரில் மிச்சமான கரியைக் கூடாரத்துக்குள் எடுத்துட்டுப் போற ஐடியா யாருக்காவது வந்தால், தயவுசெஞ்சு வேண்டாம்.)

இந்தப் பிரச்சினைக்காகவே டிஆர்டிஓ-வின் டிபாஸ் ஆய்வகம் 'ஹிம் தாபக்' என்ற புது புகாரியை உருவாக்கியது. குறைந்த எண்ணெயில் முழுசாக எரிவதும், கார்பன் மோனாக்சைடு சாவுகளைத் தடுப்பதும்தான் அதன் நோக்கம். 2021 ஜனவரியில் வந்த செய்திப்படி ராணுவம் இதற்கு 420 கோடி ரூபாய்க்கு மேல் ஆர்டர் கொடுத்திருந்தது.

அடுப்பை நல்லதாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, வெளியே போகிற சூடான காற்றையும் உள்ளே வருகிற குளிர்ந்த காற்றையும் மெல்லிய தகடுகளுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓட விடுவது. காற்று கலக்காது, சூடு மட்டும் கைமாறும். நாம் லேபில் பார்த்த கவுன்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். 70 சதவீதத்தை மீட்டால் 1,340 வாட் 400 ஆகிவிடும். ஒரு சின்ன ஃபேன் ஓட்டுகிற கரண்ட் போதும்.

சொல்வது சுலபம். ஒரு ஆளுடைய மூச்சிலும் தோலிலும் மணிக்கு சுமார் 40 கிராம் ஈரம் வெளியேறும். பத்துப் பேர், பன்னிரண்டு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர் தண்ணீர்! அது அந்தத் தகட்டில் உறைந்து வழியை அடைத்துவிடும். கூடாரத்தின் உள்சுவரிலும் பனியாகப் படியும், இன்சுலேஷனுக்குள் புகுந்தால் நனைந்த பருத்தி கதைதான். அதனால் ஈரம் புகாத ஷீட்டை எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது உள்பக்கத்தில் போடணும். ப்ராஜெக்ட் பண்ணுகிற ஜூனியர்கள் இதை நோட் பண்ணிக்கோங்க, பேப்பரில் வருகிற டிசைனும் மலையில் நிற்கிற டிசைனும் பிரிகிற இடம் இதுதான்.

இதுவரைக்கும் ஸ்கோர் என்ன? சுவர் 1,050, காற்று 1,340, ஆட்கள் கொடுப்பது 800. கழித்தால் 1,590 வாட் தேவை, ராத்திரிக்கு 3.3 லிட்டர் மண்ணெண்ணெய். காற்றிலிருந்து வெப்பத்தை மீட்டால் தேவை 650 வாட், ராத்திரிக்கு சுமார் 8 யூனிட். 26 லிட்டரில் தொடங்கினோம், இப்போ ஒன்றரை லிட்டரில் நிற்கிறோம்.

அந்த ஒன்றரை லிட்டரையும் விட முடியுமா?

பகலில் எடுத்து ராத்திரியில் கொடு

லடாக்கின் வினோதம், அங்கே குளிரும் அதிகம், வெயிலும் அதிகம். மழை மேகம் குறைவு, வருஷத்தில் 300 நாளுக்கு மேல் வெயில் அடிக்கும். மத்தியானம் வெயிலில் நின்றால் முகம் கருகும், நிழலில் நின்றால் காது உறையும்.

இதைப் பயன்படுத்துகிற யோசனை பழசு. பிரான்சில் ஓடெய்யோ என்ற மலை ஊரில் 1967-ல் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் என்கிற விஞ்ஞானி ஒரு வீடு கட்டினார். தெற்குப் பக்கம் கனமான சுவர், அதற்குக் கருப்பு பூச்சு, அதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடி. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து சுவரைச் சூடாக்கும். ராத்திரி சுவர் அந்தச் சூட்டை வீட்டுக்குள் மெதுவாக விடும். இன்றைக்கும் அதன் பெயர் 'த்ரோம்ப் சுவர்'. ஆனால் கல்சுவரைத் தூக்கிக்கொண்டு ராணுவம் நகர முடியாதே?

இங்கேதான் சோனம் வாங்சுக் வருகிறார். லடாக்கைச் சேர்ந்தவர், ஸ்ரீநகர் என்ஐடியில் (அப்போது ஆர்இசி) மெக்கானிக்கல் படித்தவர், அதாவது நம்ம டிபார்ட்மென்ட். லே பக்கத்தில் இருக்கும் செக்மோல் பள்ளியை மண்சுவரும் தெற்குப் பார்த்த கண்ணாடியுமாகக் கட்டிக் குளிர்காலத்தைச் சமாளித்துக் காட்டியவர். 2021 பிப்ரவரியில் ராணுவத்துக்கான ஒரு கூடாரத்தைச் செய்து காட்டினார். பத்து வீரர்கள் தங்கலாம். பகுதி பகுதியாகக் கழற்றலாம், எந்தப் பகுதியும் 30 கிலோவைத் தாண்டாது. வெயில் பார்த்த பக்கம் ஒளி புகும் அறை, பின்னால் தூங்குகிற அறை, நடுவில் வெப்பத்தைச் சேமிக்கும் சுவர். ராத்திரி 10 மணிக்கு வெளியே மைனஸ் 14 டிகிரி இருந்தபோது உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் சொன்னார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லாமல்.

இது மாயமா? நம்ம கணக்கில் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு டிரம். பகல் வெயிலில் 45 டிகிரிக்குச் சூடாக்கி, ராத்திரி முழுக்க 15 டிகிரிக்கு இறங்க விட்டால் 7 யூனிட் வெப்பம் கிடைக்கும். நமக்குத் தேவை 8. கிட்டத்தட்ட வந்துவிட்டது, இல்லையா? தண்ணீருக்குப் பதில் உருகுகிற மெழுகு வைத்தால் இன்னும் எடை குறையும். பாரஃபின் மெழுகு உருகும்போது கிலோவுக்கு சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், உறையும்போது அதையே திருப்பிக் கொடுக்கும். 126 கிலோ மெழுகு 7 யூனிட்டைத் தாங்கும்.

ஒன்று கவனிச்சீங்களா? இதே டிரம்மை வெறும் கேன்வாஸ் கூடாரத்தில் வைத்தால், 12.6 கிலோவாட் கசிவுக்கு அந்த 7 யூனிட் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். முதலில் ஓட்டையை அடைக்கணும், பிறகுதான் தண்ணீர் ஊற்றணும். சோலார் என்று ஆரம்பிக்கிற பல ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் இங்கேதான் சறுக்குகிறது. இன்சுலேஷன் போட்டோ எடுத்தால் அழகாக இருக்காது, பேனல் அழகாக இருக்கும். அதுதான் காரணமோ என்னவோ!

அப்போ மேகமூட்டமாக நாலு நாள் இருந்தால்? அதற்கு ஒரு புகாரி ஓரமாக இருக்கத்தான் வேணும். சியாச்சின் உச்சியில் பனிப்புயல் நாள் கணக்கில் அடிக்கும், அங்கே வெயிலை மட்டும் நம்ப முடியாது. 'அடுப்பே வேண்டாம்' என்பதைவிட 'அடுப்பு எப்போதாவது எரிந்தால் போதும்' என்பதே நியாயமான இலக்கு.

ஜெனரேட்டரின் வீணாகும் சூடு

"எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டுட்டா புகையே இல்லையே?" என்று என் ரூம்மேட் கேட்டான். கரண்ட் எங்கிருந்து வரும்? டீசல் ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட் வெப்பம் என்றால் கரண்டாகக் கிடைப்பது 3 யூனிட்தான். மிச்சம் 7 சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் போய்விடும். அந்த 3 யூனிட்டை ஹீட்டரில் போடுவதைவிட நேராக எண்ணெயை எரிப்பதே மேல்.

ஆனால் அந்த 7 யூனிட்டைப் பிடித்து அறைக்குள் கொண்டுவந்தால்? அண்டார்டிகாவில் 2012-ல் திறந்த நம்ம பாரதி ஆய்வு நிலையத்தில் அதைத்தான் செய்கிறார்கள். 134 ஷிப்பிங் கன்டெய்னர்களை அடுக்கி, மேலே இன்சுலேஷன் போர்த்திக் கட்டிய நிலையம் அது. மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்தின் கழிவு வெப்பமே கட்டிடத்தைச் சூடாக்குகிறது. தூத்துக்குடி துறைமுகத்தில் நிற்கிறதே, அதே மாதிரி கன்டெய்னர்தான்.

டீசலே வேண்டாம் என்கிற முயற்சியும் நடக்கிறது. லடாக்கில் சுஷூல் பகுதியில், 4,400 மீட்டர் உயரத்தில், என்டிபிசியும் ராணுவமும் சேர்ந்து ஒரு மைக்ரோகிரிட் அமைக்கின்றன. 2024 நவம்பரில் தொடங்கிவைத்த திட்டம். பகலில் சோலார் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது, அதைச் சேமித்து ராத்திரியில் ஃப்யூயல் செல்லில் மறுபடி கரண்டாக்குவது, வருஷம் முழுக்க 200 கிலோவாட் கொடுப்பது, இதுதான் திட்டம்.

குளிர் மட்டுமா?

ராஜஸ்தான் எல்லையில் இதே கதை தலைகீழ். ஜெய்சல்மர் பக்கம் கோடையில் 50 டிகிரியைத் தொடும். அங்கே கேன்வாஸ் கூடாரம் ஒரு அடுப்பு. முதல் மருந்து நிழல்: கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு கூரை. நம்ம ஊர் நர்சரிகளில் கட்டுகிற ஷேட் நெட் போதும். வெயில் மேல் கூரையில் அடிக்கும், நடுவில் ஓடுகிற காற்று சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது மருந்து தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 42 டிகிரி காய்ந்த காற்றை நல்ல ஏர் கூலர் 26 டிகிரி வரை இறக்கிவிடும். சென்னையின் ஈரக் காற்றில் அதே கூலர் நாலு டிகிரி இறக்கத் திணறும். வெள்ளைக்காரன் காலத்து ராணுவக் குடியிருப்புகளில் வாசலுக்கு வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்திருந்தார்கள், அதுவும் இதே இயற்பியல்தான். ஆனால் பாலைவனத்தில் தண்ணீரும் லாரியில்தான் வரணும். எதை மிச்சப்படுத்த எதைச் செலவழிக்கிறோம் என்ற கேள்வி அங்கேயும் விடாது.

அமெரிக்க ராணுவம் இதை ரத்தம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வெறும் கூடாரங்களுக்கு ஏசி போட்டு, ஏசிக்கு ஜெனரேட்டர் போட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக லாரி வரிசைகளை அனுப்பினார்கள். அவர்களுடைய ராணுவமே 2009-ல் வெளியிட்ட ஆய்வு, 2007 கணக்குப்படி ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் வாகன வரிசைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் உயிரிழப்போ காயமோ நேர்ந்ததாகச் சொன்னது. கடைசியில் கூடாரத்தின் மேலேயே பியூ ஃபோமைப் பீய்ச்சி அடித்தார்கள். குளிரைத் தடுக்கிற அதே ஃபோம்தான் வெயிலையும் தடுக்கிறது.

நம்ம வீட்டுக்கு என்ன?

எங்க வீட்டின் பின்கட்டு ஆஸ்பெட்டாஸ் அட்டை போட்டது. திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தறிக் குடோனும், தையல் யூனிட்டும், தொழிலாளர் லைன் வீடும் அட்டை அல்லது தகரக் கூரைதான். மத்தியானம் உள்ளே நிற்க முடியாது. ஏசி ரூமையும் சேர்த்து யோசித்தால் நாங்களும் கேன்வாஸ் கூடாரத்துக்குள் புகாரி வைத்த கதைதான் பண்ணியிருக்கோம், ஓட்டையை அடைக்காமல் மெஷினை வாங்கினோம்.

அதனால் இந்த வருஷம் மார்ச்சிலேயே அப்பாவும் நானும் மாடியைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். பின்கட்டுக்கு உள்ளே, அட்டைக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று கட்டினோம். மேலே வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே இடைவெளியும் கீற்றும் சூட்டைத் தடுக்கும். மொத்தச் செலவு ஏசியின் ஒரு சர்வீஸ் காசு. அம்மா இப்போ மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். போன வருஷம் அது நடந்ததில்லை. என்னிடம் இருக்கிற ஒரே டேட்டா அதுதான்.

போன மாசம் மாமா வந்தபோது இந்தக் கட்டுரையின் கணக்கை நோட்டில் காட்டினேன். 26 லிட்டர், 3.3 லிட்டர், ஒன்றரை லிட்டர். அவர் நம்பரைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கேனை நாங்க முதுகுல தூக்கிட்டுப் போயிருக்கோம் மாப்ளே. ஒண்ணு குறைஞ்சாலும் பெருசுதான்" என்றார். பிறகு, "காத்து வர்ற வழியை மட்டும் கணக்குல விட்டுடாதே" என்றார்.

விடவில்லை மாமா. 1,340 வாட் என்று எழுதி வைத்திருக்கேன்.

அன்றைக்கு ராத்திரி ஏசி ரூமில் படுத்தார். ஜன்னலை நானே ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.